கடன் வேண்டாம் என்ற சியாட்டில்

1968 பிப்ரவரியில் சியாட்டில் நகரமும் அதைச் சூழ்ந்த கிங் கவுன்டியும், நகர ரயிலுக்காக 38.5 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று வாக்களித்தன. ஆதரவு 50.8 விழுக்காடு. ஆனாலும் தோற்றது. சொத்துவரியைப் பிணையாக வைத்து வாங்கும் இத்தகைய கடனுக்கு வாஷிங்டன் மாநிலத்தில் 60 விழுக்காடு ஆதரவு தேவை. அதே நாளில் விளையாட்டரங்கத்துக்கான 4 கோடி டாலர் கடன் அந்த வரம்பைத் தாண்டித் தேறிவிட்டது. ரயிலைவிட பேஸ்பால் மேல் ஊருக்கு ஆசை அதிகம் என்று எழுதினால் குறும்பாகப் படலாம். எண்கள் அப்படித்தான் இருக்கின்றன.

1970 மே மாதம் மறுபடியும் கேட்டார்கள், இம்முறை 44 கோடி. போயிங் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். ஆதரவு 46 விழுக்காடாகச் சரிந்தது. ஏறத்தாழ இரு மடங்காக வரவிருந்த மத்திய அரசின் பணம் அட்லாண்டாவின் ரயிலுக்குப் போனது. சியாட்டிலில் முதல் லைட் ரயில் பாதை திறக்க 2009 ஆயிற்று.

இந்த மறுப்பை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. வேலை நிலைக்குமா என்று தெரியாதவர், பேரப்பிள்ளைகள் காலம்வரை நீளும் வரிக்குக் கையெழுத்திடத் தயங்கியதில் நியாயம் உண்டு. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் இருப்பது வேறு, முடிவு சரியாக இருப்பது வேறு. கடனின் விலையைக் கணக்கிட்ட எதிர்ப்பாளர்கள், கட்டாமல் விடுவதன் விலையைக் கணக்கிடவில்லை. மூன்றில் இரண்டு பங்கை வேறொருவர் தரும்போது அந்தக் கணக்கே முதலில் போட்டிருக்க வேண்டியது.

அதே மாநிலத்தில் இதற்கு நேர்மாறான இன்னொரு கதை நடந்தது. பொது மின்வாரியங்கள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டமைப்பு ஐந்து அணு உலைகளைக் கட்டத் தொடங்கியது. சுமார் 400 கோடி டாலர் ஆகும் என்றார்கள். 1981இல் மதிப்பீடு 2,400 கோடியைத் தொட்டது. இந்தக் கடனுக்கு யாரிடமும் வாக்குக் கேட்கவில்லை. காரணம், அது சொத்துவரியிலிருந்து அல்ல, மின்கட்டணத்திலிருந்து திருப்பப்படும் கடன். கட்டுபவர் அதே குடும்பத்தலைவர்தான். வரி ரசீதில் வந்தால் அவரைக் கேட்க வேண்டும், கரண்ட் பில்லில் வந்தால் வேண்டாம். ரயிலுக்கு அத்தனை உயரமான வேலி கட்டிய சட்டம், அதைப்போலப் பல மடங்கு பெரிய செலவுக்கு வாசலைத் திறந்தே வைத்திருந்தது.

இந்த ஓட்டையைத்தான் ‘வாஷிங்டனைத் திவாலாக்காதீர்’ என்ற மக்கள் குழு பிடித்துக்கொண்டது. பெரிய மின்திட்டக் கடன்களுக்கு மக்கள் ஒப்புதல் வேண்டும் என்று அது கொண்டுவந்த முன்முயற்சி 394, 1981 நவம்பரில் 58 விழுக்காடு ஆதரவுடன் வென்றது. எதிர்த்தரப்பு அக்குழுவைவிடப் பல மடங்கு செலவழித்தும் பயனில்லை. 1970இன் எதிர்ப்பில் இல்லாத தெளிவு இதில் இருந்தது. கட்டாதே என்று அது சொல்லவில்லை, பணம் கட்டப்போகிறவரைக் கேள் என்றது.

ஆனால் சட்டமாக அது நிற்கவில்லை. ஏற்கெனவே பத்திரம் வாங்கியவர்களோடு செய்த ஒப்பந்தத்தைக் குலைக்கிறது என்று கூட்டாட்சி நீதிமன்றங்கள் அதைத் தள்ளின. 4, 5ஆம் உலைகள் 1982 ஜனவரியில் கைவிடப்பட்டதற்குப் பின்னாலும் வாக்குச்சீட்டின் சட்டபலம் இல்லை, புதிய கடன் கிடைக்காத நெருக்கடிதான் இருந்தது. மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் கட்டுவோம் என்று 88 மின்வாரியங்கள் கையெழுத்திட்டிருந்தன. வாஷிங்டனிலுள்ளவற்றுக்கு அப்படிக் கையெழுத்திட அதிகாரமே இல்லை என்று 1983 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 225 கோடி டாலர் பத்திரங்கள் முடங்கின. நகராட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய முறிவு இல்லை. கட்டணதாரர் தப்பினார், அதைப் பாதுகாப்பான சேமிப்பு என்று நம்பி வாங்கிய சிறு முதலீட்டாளர் மாட்டிக்கொண்டார்.

ஆகவே என் தீர்ப்பில் முதலிடம் 1970, 1981 வாக்கெடுப்புகள் இரண்டுக்கும் இல்லை. 1976இல் சியாட்டில் நகர மன்றம் 4, 5ஆம் உலைகளில் பங்கு வாங்க மறுத்ததே அதற்குரியது. மின்தேவை உண்மையில் இவ்வளவு வேகமாக வளருமா, சேமிப்பு மலிவா, உலை மலிவா என்று ‘எனர்ஜி 1990’ என்ற ஆய்வு ஆராய்ந்தது. குடிமக்கள் குழுவும் அதை உடனிருந்து கவனித்தது. கையெழுத்துக்கு முன்னால், எண்களோடு வந்த எதிர்ப்பு அது. 394இன் கேள்வி சரியானது, வந்த நேரம் பிந்தியது. 1970இன் மறுப்பு, நியாயமான அச்சத்திலிருந்து பிறந்த தவறான முடிவு.

அந்த ஐந்தில் 1, 3ஆம் உலைகளும் ஒரு யூனிட்கூடத் தரவில்லை. அவற்றின் கடன் மத்திய அரசின் பானவில் மின் நிர்வாகத்தின் வழியாக வடமேற்கின் கட்டணத்தில் பல பத்தாண்டுகள் ஏறிக்கொண்டே இருந்தது. 1981இல் விழுந்த வாக்குகளால் அதை ஒரு டாலர்கூடக் குறைக்க முடியவில்லை.