புலி தெரிந்த பலகை, புலி தெரியாத மேசை

ஆடுபுலி ஆட்டத்தைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடு சூழ்ந்து மடக்கும். இவ்வளவு சின்ன விதியில் அவ்வளவு பெரிய ஆட்டம் அடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு: புலி என்ன செய்யும் என்பது பலகையைப் பார்ப்பதற்கு முன்பே குழந்தைக்குத் தெரியும். "புதுசா வர்றவங்களுக்கு விதி குறைவா இருக்கிற ஆட்டத்தைக் கொடு" என்று, பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் போராடும் மினியேச்சர் போர் ஆட்டக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் இந்தப் புலிதான் என் நினைவுக்கு வரும்.

வாட்டர்லூ போரை மேசைமேல் ஆடுகிறவர் பாதி விதியைத் தன் தலைக்குள்ளேயே கொண்டுவருகிறார். குதிரைப்படை பாயும், காலாட்படை சதுரமாக நின்று தாங்கும் என்பதைப் படித்தோ படத்தில் பார்த்தோ அறிந்திருப்பார். அறிவியல் புனைவுப் போர் ஆட்டத்தில் அந்தக் கைமுதல் இல்லை. பிளாஸ்மா துப்பாக்கி என்ன செய்யும் என்பதை விதிநூல் சொன்னால்தான் உண்டு. செவ்வாய்க் கிரகத்து மூன்றுகால் எந்திரங்களை 1898-இல் எழுதிய எச். ஜி. வெல்ஸ், 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' எழுதும்போது சாதாரண பொம்மைச் சிப்பாய்களோடு நின்றுகொண்டார். சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியிலிருந்து மரக்குச்சி பறக்கும், பட்ட சிப்பாய் விழுவான். அதற்கு விளக்கமே தேவையில்லை.

இப்போது புதியவர்களுக்கு அதிகம் சிபாரிசு செய்யப்படும் விதிகளில் ஒன்று, ஒன் பேஜ் ரூல்ஸின் 'கிரிம்டார்க் ஃபியூச்சர்'. சிபாரிசில் நியாயம் இருக்கிறது. அடிப்படை விதிகளும் படைப்பட்டியல்களும் இலவசம். ஒருவர் மொத்தப் படையையும் நகர்த்தி முடிக்கும்வரை மற்றவர் கொட்டாவி விடவேண்டியதில்லை; ஆளுக்கு ஓர் அணியாக மாறி மாறி ஆடலாம். ஒவ்வோர் அணிக்கும் முக்கியமாக இரண்டே எண்: பகடையில் குறைந்தது எத்தனை விழுந்தால் குண்டு படும், குறைந்தது எத்தனை விழுந்தால் கவசம் தடுக்கும். நண்பரின் மகனுக்கு, வயது பதின்மூன்று, முதல் நாள் இதைத்தான் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு, "இந்த லேசருக்கும் பிளாஸ்மாவுக்கும் என்ன வித்தியாசம் மாமா?" என்றான். தாளைப் பார்த்தேன். எதிரியின் கவச எண்ணை எவ்வளவு குறைக்கும் என்பதுதான் வித்தியாசம். சொல்லவே கூச்சமாக இருந்தது.

பத்துப் பேர் ஆளுக்கு ஒரு குண்டு சுடுகிறார்கள். இரண்டு எண்களும் நான்கு என்று வைத்துக்கொண்டால் ஐந்து படும், அதில் பாதியைக் கவசம் தடுக்கும். சராசரியாக இரண்டு மூன்று பேர் விழுவார்கள். எஞ்சியவர்கள் எதுவுமே நடக்காததுபோல எழுந்து முன்னேறுவார்கள். அணி பாதியாகக் குறையும்வரை மனஉறுதிச் சோதனையே கிடையாது. சுட்டால் சாவு, சாகாவிட்டால் ஒன்றுமில்லை. பையன் வென்றான், ஏன் வென்றான் என்று அவனாலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. புதியவருக்கு உகந்த விதிக்கு என் உரைகல் இதுதான்: பக்க எண்ணிக்கை அல்ல, தோற்றவன் எந்த இடத்தில் தப்புச் செய்தான் என்று மேசையைப் பார்த்தே சொல்ல முடிகிறதா என்பது.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருப்பது கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ் 1996-இல் வெளியிட்ட 'ஸ்டார்கிரண்ட் 2'. இங்கே சுடும் அணி தன் பயிற்சிக்கான பகடை, ஆயுதத்துக்கான பகடை இரண்டையும் உருட்டும். எதிரி தூரத்துக்கான பகடையை உருட்டுவார். சுடுபவரின் இரண்டில் ஒன்று மட்டும் வென்றால் யாரும் சாக மாட்டார்கள், ஆனால் எதிரணி தரையோடு தரையாகப் படுத்துவிடும். எழுந்திருக்கவே தன் முறையைச் செலவழிக்க வேண்டும். "மாமா, இவங்களைக் கொல்லணுமா, படுக்க வச்சா போதுமா?" என்று பையன் கேட்டது இரண்டாம் நாள், இந்த ஆட்டத்தில்தான். அந்தக் கேள்வி வந்ததும் ஓரணி சுட்டு மடக்க, இன்னோரணி பக்கவாட்டில் சுற்றிவரலாம் என்பதைத் தானே கண்டுபிடித்தான்.

ஆனால் அந்த மாலை எவ்வளவு மெதுவாக ஊர்ந்தது என்பதையும் சொல்லவேண்டும். நான்கு முகம் முதல் பன்னிரண்டு முகம் வரை ஐந்து வகைப் பகடைகள். எட்டுக்குப் பதில் பத்தை எடுத்துவிட்டு மூன்று முறை திரும்ப உருட்டினோம். பயிற்சி, தலைமை, மனஉறுதி, படுத்திருக்கும் நிலை என அணிக்கு அணி அட்டை வில்லைகள். 15 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு நடுவே அவை புளியங்கொட்டை இறைத்ததுபோலக் கிடந்தன. பிரிட்டனில் ஒரு பென்னி நாணயத்தில் ஒட்டிவைக்கும் அளவுள்ள பொம்மைகள் இவை.  போதாக்குறைக்கு, படைகளைச் சமன்செய்யும் புள்ளிக்கணக்கும் இந்த நூலில் இல்லை. அனுபவசாலி ஒருவர் காட்சியை அமைத்துத்தந்தால் அது சுதந்திரம். இரண்டு புதியவர்கள் மட்டும் உட்கார்ந்தால் ஒருவர் அரை மணியில் அழிந்துபோவார்.

பொம்மையின் அளவையும் விதியையும் பலர் சேர்த்து யோசிப்பதில்லை. அதில்தான் பாதி வம்பு. 6 மில்லிமீட்டரில் ஒரே பட்டையில் நாலைந்து வீரர்களை ஒட்டியிருப்போம். ஒருவனை மட்டும் எடுக்க முடியாது. ஆளாக ஆளாக எடுக்கச் சொல்லும் விதி அங்கே நொண்டும், பக்கத்தில் எண்ணிக்கைப் பகடை வைத்தே ஓட்டவேண்டும். விதி எந்த அளவுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தால், அங்குலத்தைச் சென்டிமீட்டராக்கினால் போதும் என்பதைத் தாண்டி அதற்கு அநேகமாக அர்த்தமில்லை.

2003-இல் ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைத்த 'எபிக் ஆர்மகெடான்' இந்த அளவுக்காகவே பிறந்தது. அதன் உயிர் ஒரே ஒரு வில்லையில் இருக்கிறது. ஓர் அணியை நோக்கிச் சுட்டாலே, ஒருவரும் விழாவிட்டாலும், அதன் பக்கத்தில் ஒரு வில்லை. பட்டை அழிந்தால் கூடுதலாக இன்னொன்று. ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு பட்டை சுடமுடியாமல் போகும்; வில்லைகள் பட்டைகளின் எண்ணிக்கையைத் தொட்டுவிட்டால் அணி உடைந்து ஓடும். ஸ்டார்கிரண்ட் நாலு அட்டையில் சொன்னதை இது ஒன்றில் சொல்லிவிடுகிறது. மேசையைப் பார்த்தாலே எந்த அணி திணறுகிறது என்று தெரிகிறது. வெளியீட்டாளரான கேம்ஸ் வொர்க்‌ஷாப் கைவிட்ட பிறகும் ரசிகர்கள் இதை விடாமல் காப்பாற்றி வருவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

குறை இல்லாமலில்லை. டைட்டன் என்னும் ராட்சத எந்திரம், வான்கலம், விண்கப்பலிலிருந்து இறங்கும் படை என்று சிறப்பு விதிகள் அடுக்கடுக்காக வரும். புதியவர் முதலில் கைவைப்பதும் அவற்றில்தான், பெரிய எந்திரம் யாருக்குத்தான் பிடிக்காது! எனவே நான் செய்வது இது: பக்கத்துக்கு மூன்று காலாட்படை அணி, ஒரு டாங்கி அணி, வில்லைகளுக்கு ஒரு கைப்பிடி சட்டைப் பொத்தான். டைட்டனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். மூன்றாவது ஆட்டம் வரை சாவி என் பையில்.