உறுதியில்லாதவனின் கூரை

வல்வெட்டித்துறையைப் பற்றி எழுதப் புகும் எவரும் அன்னபூரணியை மறப்பதில்லை. இவ்வூரிலே கட்டப்பட்ட அப்பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்னும் புதுப் பெயருடன் 1938ஆம் ஆண்டில் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த வரலாறு பெருமைக்குரியதே. ஆனால் அப்பெருமையைப் பேசும் எழுத்துக்களிலே ஒரு கேள்வி எழுவதில்லை. கப்பல் கட்டுமிடத்திலே மரம் சுமந்தவன் இரவில் யாருடைய வளவிலே படுத்துறங்கினான்? அதற்கு அவன் காசு கொடுத்தானா, உழைப்பைக் கொடுத்தானா, அல்லது வாய்மூடியிருத்தலையே விலையாகக் கொடுத்தானா?

கப்பலுக்குப் பெயர் உண்டு. வாடகைக்குடிக்குப் பெயர் இல்லை. இந்த மறதி பழங்கதை எழுதுவோருக்கு மட்டும் உரியதன்று. நம் அரசுகளின் வீடமைப்புக் கொள்கையிலும் அதே மறதியைக் காண்கிறோம். நம் இலக்கியத்திலும் காண்கிறோம். வீட்டுப் பஞ்சம் நேரும்போது உதவி யாருக்கு என்ற கேள்விக்கு, காணி உறுதியைக் கையில் வைத்திருப்பவனுக்கு என்பதே பெரும்பாலும் கிடைத்த விடை. உறுதியில்லாதவன் என்ன செய்வான் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

இன்று வல்வெட்டித்துறையின் ஒழுங்கைகளிலே நடப்பவர் ஒரு முரண்பாட்டைக் காண்பார். உயர்ந்த மதில்களுக்குள்ளே நல்ல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உடைமையாளர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கிறார். முத்துமாரியம்மன் கோயில் இந்திரவிழாவுக்குக் குடும்பம் வந்தால் கதவு திறக்கும். விழா முடிந்ததும் திறப்பு உறவினர் ஒருவரிடம் போய்விடும். அதே ஊரிலும் அயற்கிராமங்களிலும், ஒரே அறையில் மூன்று தலைமுறையை அடக்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாத வாடகைக்கு வழி தேடும் கடற்றொழிலாளரும் கூலியாட்களும் இருக்கின்றனர். வீடு இல்லாமையால் மட்டும் பஞ்சம் வருவதில்லை. வீடு இருந்தும் அது திறக்கப்படாமையாலும் வருகிறது.

ஏன் திறக்கப்படுவதில்லை? குடிவந்தவனைப் பின்னர் எழுப்ப முடியாது என்ற அச்சம் ஒன்று. மற்றொன்று சீதனம். ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்துவைத்த தேசவழமைச் சட்டம் சீதனத்துக்குத் தனியிடம் அளித்தது. வீடு இங்கே குடியிருப்பதற்கான இடமாக மட்டும் இருந்ததில்லை. கலியாணச் சந்தையின் நாணயமாகவும் இருந்து வந்திருக்கிறது. மகளுக்கென ஒதுக்கிய வீட்டிலே அயலானைக் குடிவைக்க எந்தத் தந்தை துணிவான்? மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகப் பேசுவார் இல்லை. ‘எந்தப் பகுதி ஆட்கள்?’ என்ற விசாரணையின் பின்னரே வாடகை என்ன என்ற பேச்சு தொடங்கும். காசு இருந்தும் கதவு திறக்காத இடம் அது.

*

சட்டம் இவற்றையெல்லாம் கண்டும் காணாமலும் இருந்து வந்திருக்கிறது. யுத்த காலத்து நெருக்கடியில், 1942ஆம் ஆண்டில், இலங்கையிலே வாடகைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. 1973ஆம் ஆண்டில், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, வீட்டுடைமைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அளவுக்கு மேற்பட்ட வீடுகள் அரசுடைமையாயின. குடியிருந்தவரே தம் வீட்டை வாங்கிக்கொள்ள வழி பிறந்தது. அது துணிவான செயல் என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் அதனை விமர்சனமின்றிப் போற்றுவது நமக்கு அழகன்று. அச்சட்டம் அன்று குடியிருந்தவனைக் காத்தது. நாளை குடிவர இருந்தவனுக்கு எதுவும் சொல்லவில்லை. வாடகைக்கு விடுவதற்கென வீடு கட்டுவோர் பின்வாங்கினர். அவர்கள் விட்ட இடத்தை அரசு கட்டி நிரப்பியிருக்க வேண்டும். போதிய அளவு நிரப்பவில்லை. 1977இல் ஆட்சி மாறியது. 1980ஆம் ஆண்டுத் திருத்தம், அதன்பின் கட்டப்படும் குடியிருப்புகளை வாடகைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. இலட்சம் வீடு, பத்து இலட்சம் வீடு என்ற முழக்கங்கள் எழுந்தன. அவை எல்லாம் சொந்த வீட்டின் முழக்கங்கள். வாடகைக்குடி அந்த முழக்கத்தின் இரைச்சலிலே மறைந்து போனான்.

*

பின்னர் வந்தது போர். 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இந்தியப் படையினர் வல்வெட்டித்துறையிலே நடத்திய வெறியாட்டத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டுக்குக் கணக்கு எடுக்கும்போது முதற் கேள்வி ‘வீட்டுச் சொந்தக்காரர் யார்?’ என்பதாகவே இருக்கும். அவ்வீட்டிலே குடியிருந்து, சட்டி பானையும் வலையும் துணிமணியும் இழந்தவன் அந்தக் கேள்விக்கு வெளியே நிற்கிறான்.

அடுத்த ஆண்டு, 1990 யூனில், மீண்டும் போர் மூண்டது. வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டனர். மயிலிட்டியின் கடற்றொழிலாளர் குடும்பங்கள் பல வடமராட்சிக்கு வந்தன. வல்வெட்டித்துறைக்கு அடுத்துள்ள பொலிகண்டியில் நலன்புரி முகாம்களிலே தங்கின. ஏனையோர் உறவினர் வீட்டிலும் வாடகை வீட்டிலும் ஒதுங்கினர். மயிலிட்டித் துறைமுகம் மீளக் கையளிக்கப்பட்டது 2017 யூலையில். இடையிலே 27 ஆண்டுகள்! முகாமில் இருந்தவருக்கு உலர் உணவு நிவாரணம் வந்தது. வாடகைக்கு ஒதுங்கியவருக்கு அவ்வாடகையைத் தாங்கிக்கொள்ள நிலையான திட்டம் எதுவும் இருக்கவில்லை. சொந்த ஊரிலே வீடும் துறையும் உடையவர், அரச படை அவற்றை வைத்திருந்த காரணத்தால், அயலூரில் வாடகை கொடுத்தார். அந்த வாடகையை நியாயமாகக் கொடுத்திருக்க வேண்டியவர் யார்?

போருக்குப் பின்னரும் அதே கதைதான். இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்திலே, வடக்கு கிழக்கில் வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாக வழங்கப்பட்டது. அதனால் பல்லாயிரம் குடும்பங்கள் கூரை பெற்றன. அந்நன்மையைக் குறைத்துக் கூறல் தகாது. ஆனால் காணி இருந்தவனே வீட்டைக் கட்டலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த பின்னரும் இதே தடை எழுந்தது. உரிமையை நிறுவக்கூடியவருக்கே முதலில் வீட்டுக்கொடை கிடைத்தது. வாடகைக்கு இருந்தோரையும் காணியற்றோரையும் சேர்த்துக்கொள்ளக் கொள்கையைப் பின்னர் திருத்தவேண்டியதாயிற்று. அலை உறுதி பார்த்து அடிக்கவில்லை. உதவி மட்டும் உறுதி பார்த்தது.

வாடகை உதவி என்பதை அரசு அறியாததன்று. 2017ஆம் ஆண்டில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியபோது, தப்பியோர் வேறிடத்தில் குடியேற வாடகைப் பணம் கொடுக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி வீசிய பின்னரும் வீடிழந்தோருக்கு மாத வாடகை உதவி அறிவிக்கப்பட்டது. ஆகவே, திடீரென வந்த துயருக்குச் சில மாத வாடகை. நீண்டு வந்த துயருக்கு ஒன்றுமில்லை. வாடகை உதவி இங்கே விபத்துக்கு இடும் கட்டாக இருக்கிறது, உரிமையாக இல்லை.

*

அப்படியானால் எல்லா ஏழை வாடகைக்குடிகளுக்கும் மாதந்தோறும் பணம் கொடுத்துவிட்டால் போதுமா? இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஓர் ஊரிலே எட்டு வீடுகள். வேண்டுவோர் பத்துக் குடும்பங்கள். பத்துக் குடும்பங்களுக்கும் அரசு ஐயாயிரம் ரூபா கொடுக்கிறது என்று கொள்வோம். மறுநாளும் அங்கே எட்டு வீடுகளே இருக்கும். வாடகை மட்டும் ஐயாயிரம் ஏறியிருக்கும். ஏழையின் பெயரால் புறப்பட்ட பொதுப்பணம், ஏழையின் கையிலே ஒரு பொழுது தங்கி, வீட்டுக்காரரின் பெட்டியில் இளைப்பாறும். பிரித்தானியாவிலே 1980கள் முதல், அரசு வீடு கட்டுவதைச் சுருக்கி, வாடகைக்குப் பணம் கொடுப்பதை விரித்தார்கள். செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. வீட்டுப் பஞ்சம் தீரவில்லை.

மறுபுறம், வியன்னா நகரசபையைப் பாருங்கள். 1923க்கும் 1934க்கும் இடையிலே, ஆடம்பரத்தின் மீதும் வீட்டுடைமையின் மீதும் வரி விதித்து, அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகளை அந்நகரசபை கட்டியது. வாடகை தொழிலாளியின் கூலியிலே சிறு பங்காகவே இருந்தது. அங்கே உதவி, பணமாக அன்று, செங்கல்லாக நின்றது. பின்வந்த பாசிச ஆட்சியால் அதனைத் தின்றுவிட முடியவில்லை.

நமது தோழர்கள் சிலர் இங்கே ஏங்கெல்சை எடுத்துக்காட்டுவர். 1872ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’, முதலாளித்துவம் இருக்கும்வரை இப்பிரச்சினை முற்றாகத் தீராது என்று வாதிட்டது உண்மை. ஆனால் அதனைச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பது அவர் போதித்த பாடம் அன்று. 1915ஆம் ஆண்டில், கணவன்மார் போர்முனையிலே நின்றவேளை, கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் மேரி பார்பர் போன்றோரின் தலைமையிலே உயர்த்தப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இணைந்தன. அவ்வாண்டு முடியுமுன்னரே வாடகையை உறைய வைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. புரட்சிக்குக் காத்திராமல், மாத வாடகையைக் கையிலே பிடித்துக்கொண்டு அவர்கள் போராடினர்.

ஆகவே வாடகை உதவி தனித்து நிற்கும் மருந்தன்று. ஏற்றத்துக்கு எல்லை கட்டும் சட்டமும், பொதுப்பணத்தில் எழும் வாடகைக் குடியிருப்பும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் மீது நகரசபை விதிக்கும் வரியும் அதனுடன் சேரவேண்டும். அவ்வரிப் பணம் வாடகை உதவிக்கே செல்லட்டும். வீட்டைத் திறப்பவனுக்கு வரி இல்லை என்றால், மதிலுக்குள்ளே உறங்கும் வீடுகள் சிலவாவது விழிக்கும்.

*

இலக்கியத்தின் கணக்கையும் பார்ப்போம். சொந்த வீட்டுக் கனவு உலக இலக்கியத்துக்குப் பெரிய நாவல்களைத் தந்தது. நைப்பாலின் பிஸ்வாஸ் தனக்கென ஒரு வீட்டைத் தேடி வாழ்நாளைச் செலவிட்டார். ஜெயகாந்தனின் ஹென்றி தந்தையின் வீட்டைத் தேடி வந்தான். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ சென்னையின் வாடகைக் குடித்தனத்தைக் காட்டியது. யாழ்ப்பாணத்திலே கே. டானியல் தம் ‘பஞ்சமர்’ வரிசை நாவல்களிலே, ஒடுக்கப்பட்ட மனிதன் பிறர் காணியிலே வாழும் நிலையின் கொடுமையை எழுதினார். நிற்கும் நிலம் பிறருடையதாகும்போது, நிமிர்வதற்கும் அனுமதி வேண்டியதாகிறது. அந்த உண்மையை அவரளவுக்கு உணர்ந்தவர் நம்மிடையே சிலரே.

போருக்குப் பின்னர் நம்மவர் எழுதியவற்றிலே இழந்த வீடு நிறைய வருகிறது: முற்றத்து வேம்பு, கிணற்றடி, அம்மாவின் அடுப்படி. அத்துயரம் மெய்யானது. ஆனால் இழப்பதற்குச் சொந்தமாக முற்றமே இல்லாதிருந்தவனின் துயரம் எங்கே? முப்பது ஆண்டுகளில் எட்டு வீடு மாறியவளுக்கு எந்தக் கிணற்றடி நினைவில் நிற்கும்? வாடகை வீட்டுச் சுவரிலே ஆணி அடிக்கக் கூடாது என்ற கட்டளையோடு வளரும் பிள்ளை எதைச் சொந்த ஊர் என்று எழுதும்? புலம்பெயர்ந்தோரின் ஏக்கத்தையே ஊரின் ஏக்கமாகக் கொண்டது நம் எழுத்தின் வர்க்கக் குறைபாடு.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர்கள் தம் வகுப்பறைப் பதிவேட்டைப் பார்க்கட்டும். ஓராண்டுக்குள் இருமுறை முகவரி மாறிய பிள்ளைகள் எத்தனை பேர்? மாணவர்கள் தம் ஒழுங்கையிலே பூட்டிய வீடுகளையும், ஓர் அறையில் வாழும் குடும்பங்களையும் எண்ணிப் பார்க்கட்டும். அந்த இரு எண்களையும் அருகருகே எழுதி நகரசபையின் முன் வைப்பது அரசியல். அவ்விரு எண்களுக்கும் இடையே வாழும் மனிதனை எழுதுவது இலக்கியம். இரண்டும் நம் கடமைகளே.

காணி உறுதி ஒரு தாள். கூரை ஒரு தேவை. தாள் இல்லை என்பதற்காகக் கூரை இல்லை என்று சொல்லும் சமுதாயம், கடலைக் கடந்த கப்பலைப் பற்றி எவ்வளவு பேசினாலும், தன் கரையிலே நிற்கும் மனிதனை இன்னும் காணவில்லை.