சுவரொட்டியில் ஒரு சுழி

ஏலாக்குறிச்சிப் பக்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்தால் என் கண் சினிமாச் சுவரொட்டிக்குத்தான் போகும். மைதாப் பசை காயாத தாளில் ‘விரைவில்’ என்று இருந்தால் போதும், மனசுக்குள் படம் ஓடத் தொடங்கிவிடும். வராத படத்தின் கதை எப்போதும் நன்றாகவே இருக்கும்!

எழுத்தையும் ரசிப்பேன். அந்தக் கால நடிகை ‘தேவிகா’வின் பெயரில் முதல் எழுத்தைப் பாருங்கள். சுவடிக் காலத்தில் எகரக் குறிலுக்குப் புள்ளி வைத்தார்கள். நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்பார்கள். இங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய அதே முனிவர். அந்தச் சுழி இல்லாமல் தேவிகாவும் இல்லை, இன்றைய கீர்த்தி சுரேஷின் ‘சுரே’யும் இல்லை.

தேவிகா என்றால் எனக்கு 1962இல் வந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’தான். கதை பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும். நோயாளிக் கணவன் முத்துராமன், தான் போய்விட்டால் தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரை மணந்துகொள் என்று மனைவி தேவிகாவிடம் சொல்கிறார். ‘நீங்களா இதைச் சொன்னீர்கள்?’ என்று அந்த முகம் கேட்கும், அழுகை அப்புறம்தான். வண்ணம் இல்லை, பிரம்மாண்டம் இல்லை. ஒரு முகம் போதும்.

புதுப் படத்துக்குக் காத்திருப்பதும் அப்படி ஒரு முகத்துக்காகத்தான். அதோ, பஸ் வந்துவிட்டது.