வளவு வீடும் அடுக்கு வீடும்

கயத்தாறு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் நினைவுக்கு வரும், அடுத்தபடியாகக் காற்றாலைகள். கோவில்பட்டியிலிருந்து நெல்லைக்கு நான்கு வழிச்சாலையில் போகிறவர்கள் கண்ணில் இப்போது மூன்றாவதாக ஒன்றும் படுகிறது: உளுந்தும் பருத்தியும் விளைந்த கரிசல் காட்டில் வரிசையாக நட்ட மனைக்கற்கள். மூன்று சென்ட், ஐந்து சென்ட் என்று பிரித்துச் செம்மண் ரோடு போட்டிருப்பார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு எழுந்திருக்கும், மீதி இடத்தில் சீமைக்கருவேல் மண்டியிருக்கும். எட்டி நிற்கும் அந்த ஒரு வீட்டுக்காகவே பேரூராட்சி தெருவிளக்கு போட வேண்டும், குழாய் இழுக்க வேண்டும், குப்பை வண்டி அனுப்ப வேண்டும்.

விளைநிலத்தையும் ஓடைப் போக்கையும் தின்றுகொண்டு ஊர் பரவுவதைவிட, இருக்கிற இடத்தில் நெருக்கி வீடு கட்டுவதே மேல். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2023 டிசம்பரில் ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தண்ணீர் போகும் வழியை அடைத்து வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதைக் கயத்தாறு அடங்கிய தூத்துக்குடி மாவட்டம் முழுவதும் பார்த்தது. ஆனால் எப்படி நெருக்குவது என்ற கேள்விக்குத் தமிழ்நாடு தந்திருக்கும் விடைகள் ஒரே தரத்தவை அல்ல.

அரசுக்குப் பழகிய விடை அடுக்குமாடி. சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் தரைத்தளத்தோடு எட்டு அடுக்குகளாக இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. மழைக்கு ஒழுகாத கூரை, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை: கூவம் கரைக் குடிசையிலிருந்து வந்தவருக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் வேலை இருந்த இடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. லிஃப்ட் நின்றால் ஏழாம் மாடிக் கிழவிக்கு அன்று வெளியுலகம் இல்லை. வாசலில் இட்லிக்கடை போட்டவருக்கும் தையல் மெஷின் வைத்திருந்தவருக்கும் வாசலே இல்லாமல் போயிற்று. 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்தது. உயரக் கட்டினால் பராமரிப்பும் அதற்கேற்ப வேண்டும். அதற்கான பணமும் ஆளும் சென்னையிலேயே கிடைக்காதபோது, அதே அச்சைக் கயத்தாற்றில் கொண்டுவந்து பதிப்பது தவறு.

அதே சென்னையில் இன்னொரு விடையும் உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம். 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், பிறகு முகப்பேர் பகுதிகளில் சிறுசிறு மனைகளாகப் பிரித்து, ரோடும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் முதலில் போட்டுக் கொடுத்தார்கள். ஏழைக்குச் சின்ன மனை, வசதியுள்ளவருக்குப் பெரிய மனை, இரண்டும் ஒரே பேட்டையில். மேலே அவரவர் கையில் காசு சேரச் சேரக் கட்டிக்கொண்டார்கள். அந்த நாளில் பலர் இதைத் தோல்வி என்றார்கள். இருபது ஆண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், நெருக்கமாக, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல பேட்டைகளாக அவை வளர்ந்திருப்பதை 2018-இல் எழுதினார்கள். பி.வி. தோஷி இந்தூரில் கட்டிய ஆரண்யா, சார்லஸ் கொரியா நவி மும்பை பேலாப்பூரில் ஏழேழு வீடுகளுக்கு ஒரு பொதுமுற்றம் வைத்துக் கட்டிய குடியிருப்பு இரண்டும் இந்த வழியில் வந்தவையே. மாடி ஏறாமலே நெருக்கம் சாத்தியம் என்பதற்கு இவை சாட்சி.

திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கே வளவு உண்டு. தெருவில் ஒரு வாசல். உள்ளே போனால் நடுவில் பொதுமுற்றம், கிணறு, துவைகல். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பிள்ளைகள் ரோட்டுக்குப் போகாமல் விளையாடுவார்கள். வேலைக்குப் போகும் தாய் சாவியை எதிர்வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

இன்றைய மனைகளில் என்ன நடக்கிறது? மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. முப்பதடி அகலம், நாற்பத்து மூன்றடி நீளம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் மூன்றடி சந்து விட்டால் 258 சதுர அடி போய்விடும், அதாவது மனையில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தச் சந்தில் என்ன இருக்கிறது? கழிவுக்குழாய், ஏசியின் வெளிப்பெட்டி, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சமையலறை. பத்து வீட்டுச் சந்துகளைச் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு சென்ட். சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டினால், வேம்பு நிற்கும் பொதுமுற்றத்துக்கு அந்த ஆறு சென்ட் போதும்.

செலவும் குறையும். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசலில் அடித்தளத்துக்கு வானம் தோண்டுவது கொத்தனாருக்குத் தெரிந்த தலைவலி. சுக்கான் பாறை தட்டுப்படும்வரை இறங்க வேண்டும். இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் என்றால் அந்த ஆழமும் ஒன்றே. பக்கச் சுவரில் வெயிலும் விழாது. வீட்டு வரிசை தெற்கு வடக்காக ஓடினால், காற்றாலைகளைச் சுற்றும் மேல்காற்று வீட்டுக்குள்ளும் வரும். மாலை வெயிலும் கூடவே வரும் என்பதால் மேற்கே தாழ்வாரம் போல ஆழமான தார்சா வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் மனைப்பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்புக்கு இடம் தருகின்றன. ஆகவே தடை உயரத்தில் இல்லை. ஒவ்வொரு வீடும் தனியே நிற்க வேண்டும் என்பதில்தான் இருக்கிறது.

பழைய வளவை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை, காலையில் வாளியோடு வரிசை. அந்த அவதியைப் பெண்களிடம் கேட்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை சாதி. இன்னாருக்குத்தான் வீடு என்று தீர்மானித்தே பல வளவுகள் நடந்தன. நெருக்கமாக வாழும் இடத்தில் இந்த வேலி இன்னும் கடுமையாக இருக்கும். இதற்கு மாற்று நம் மாநிலத்திலேயே முயன்று பார்க்கப்பட்டது: 1998-இல் மதுரை அருகே மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரங்களில் வீடுகளைச் சாதிவாரியாகப் பங்கிட்டு, கலந்து ஒதுக்கினார்கள். வீட்டமைப்பில் அவை பரந்தவை, சிக்கனமானவை அல்ல. ஆனால் ஒதுக்கீட்டில் காட்டிய உறுதி புதிய வளவுக்கும் வேண்டும். மனை விற்பவர் கையில் விட்டால் அது நடக்காது.

இன்னொரு குறையையும் மறைக்கக்கூடாது. கரிசல் தண்ணீரை எளிதில் உறிஞ்சாது. வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி தோண்டி, ஐப்பசி மழையில் அது பொங்கி வாசலுக்கு வரும் ஊரில் வீட்டைமட்டும் நெருக்கினால் நோய்தான் பெருகும். கழிவுநீருக்குப் பொதுவான ஏற்பாடு முதலில், வீடு பிறகு. அரும்பாக்கம் பிழைத்தது இந்த வரிசையால்தான்.

கயத்தாறு பேரூராட்சியும் நகர் ஊரமைப்புத் துறையும் அடுத்து வரும் மனைப்பிரிவு ஒன்றிலாவது சுவரொட்டிய வீடுகளுக்கும் பொதுமுற்றத்துக்கும் அனுமதி கொடுத்துப் பார்க்கட்டும். குழாய்களைப் போட்ட பிறகே மனையை விற்க விடட்டும். மனை வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: பஸ் ஸ்டாண்டுக்கு எத்தனை நிமிடம் என்று புரோக்கரிடம் கேட்பதற்கு முன், கழிவுநீர் எங்கே போகும் என்று கேளுங்கள்.