24 மெட்டு, ஒரு முதுகுத்தண்டு

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, மைசூர்பாகு என்று முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வீணைக்கு மேளம் கட்டுகிற, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்துப் பதிக்கிற, ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு காலைப்பொழுது அவர் பக்கத்தில் உட்காருங்கள். மனசு என்பது என்ன என்று இவ்வளவு அழகாக எனக்கு எந்தப் புத்தகமும் காட்டியதில்லை!

நான் பார்த்தவர், தேன்மெழுகில் கரித்தூள் கலந்து, வீணைத் தண்டியின் இரு ஓரமும் கறுப்பாக வரம்பு கட்டியிருந்தார். அதன் மேல் வெண்கல மெட்டை வைத்துத் தந்தியை மீட்டுகிறார். மயிரிழை நகர்த்தி மறுபடி மீட்டுகிறார். அளவுகோல் கிடையாது, காதுதான். சுரம் சேர்ந்ததும் மெட்டு மெழுகில் அழுந்துகிறது. ஸ்தாயிக்கு 12, இரண்டு ஸ்தாயிக்கு 24. "முதுகெலும்பையும் எண்ணிப் பாருங்க சார்" என்றார். வீணைக்காரர்கள் வழிவழியாகச் சொல்வதுதான். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று கூட்டியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

உயிரை வாத்தியமாகப் பார்த்தவர்கள் எங்கும் உண்டு. பிளாட்டோவின் 'ஃபைடோ' உரையாடலில் சிம்மியாஸ் என்பவர், உயிர் யாழின் சுருதி என்றால் யாழ் உடைந்தபின் சுருதி எங்கே இருக்கும் என்று கேட்கிறார். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தித்ரோ, மனிதனை உணர்ச்சியுள்ள ஹார்ப்சிகார்ட் என்றார். ஆனால் நம் ஐதரேய ஆரண்யகம் இருக்கிறதே, அது ஒரே போடாகப் போடுகிறது: உடம்புதான் தெய்வ வீணை, மர வீணை அதைப் பார்த்துச் செய்தது. தலைக்குத் தலை, விரலுக்குத் தந்தி என்று பொருத்திக்கொண்டே போகிறது. மனிதன் வாத்தியத்தைப் போல இல்லை, வாத்தியம்தான் மனிதனைப் போல! என்ன துணிச்சலான சிந்தனை!

அறிவியலும் இதே வழியில் வந்திருக்கிறது. காதின் காக்ளியாவுக்குள் பியானோ தந்திகள் போல வரிசையாக இழைகள் அதிர்கின்றன என்று 1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினார். அங்கே தனித்தனித் தந்திகள் இல்லை, சவ்வின் மேல் அலை ஓடுகிறது என்று காட்டிய பெக்கேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஆனாலும் சுரத்துக்குச் சுரம் அலை உயரும் இடம் மாறுகிறது: மேல் சுரத்துக்கு வாசல் பக்கம், கீழ் சுரத்துக்கு உள்முனை. மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதியும் அந்த வரிசையைக் குலைக்காமல் வைத்திருக்கிறது. நம் தலைக்குள் மேளம் கட்டியிருக்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

வைணிக சிகாமணி சேஷண்ணா (1852–1926) வீணை வாசித்த இதே மைசூரில், மானசகங்கோத்ரியில், பேச்சையும் கேள்வியையும் ஆராயும் அகில இந்திய நிறுவனம் 1960களிலிருந்து இயங்குகிறது. வீணையும் காதும் ஒரே ஊரில்! தசராவுக்குப் போனால் விளக்கு அலங்காரத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். வீணைக் கச்சேரி எங்கே என்று விசாரித்து முன்வரிசையில் இடம் பிடியுங்கள். வாசிப்பவரின் இடது கையைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.