காலச் சக்கரமும் கம்பனிக் கணக்கும்

மாயப்புனைவு என்றாலே பிள்ளைகளின் விவகாரம் என்று தள்ளிவைக்கும் பழக்கம் நம் விமர்சகர்களை இன்னும் விட்டபாடில்லை. கிஸ்ஸாக்களையும் மஸ்அலாக்களையும் படைப்போர்களையும் இராமுழுக்கப் பாடிக் கேட்ட ஒரு சமூகத்துக்கு இந்த இளக்காரம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குவதில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நான் பேச வந்தது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகப் பெரிய மாயப்புனைவு வரிசைகளில் ஒன்று தொலைக்காட்சிக்குப் போய் என்ன ஆனது என்பதைப் பற்றி.

ரொபர்ட் ஜோர்டனின் 'த வீல் ஒஃப் டைம்', தமிழில் சொன்னால் காலச் சக்கரம். ஜோர்டன் என்பது புனைபெயர். சொந்தப் பெயர் ஜேம்ஸ் ஒலிவர் ரிக்னி. அமெரிக்காவின் தென் கரோலினாவில் சார்ள்ஸ்டன் நகரத்துக்காரர். வியட்நாம் போரில் ஹெலிகொப்டரில் துப்பாக்கிக்குப் பின்னால் இருந்தவர். முதல் நூல் 1990 இல் வந்தது. மொத்தம் 14 பாகங்கள், அதுபோக ஒரு முன்கதை. அமேசன் நிறுவனம் இதைத் தொடராக்கி 2021 நவம்பர் 19 இல் ஒளிபரப்பத் தொடங்கியது. மூன்று பருவங்கள், பருவத்துக்கு எட்டாக 24 எபிசோட்கள். 2025 மே மாதம் 'இனி இல்லை' என்று அறிவித்துவிட்டார்கள். மூன்றாம் பருவம் பெரும்பாலும் நாலாம் பாகத்தின் கதை. மிச்சம் பத்துப் பாகம் அப்படியே கிடக்கு.

ஏன் எடுத்தார்கள் என்பதில் இரகசியம் ஒன்றுமில்லை. 2011 முதல் 2019 வரை 73 எபிசோட்களாக ஓடிய 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' உலகத்தையே கட்டிப்போட்டது. அதைப் பார்த்த மற்றக் கம்பனிகளுக்கெல்லாம் 'நமக்கும் ஒன்று வேணும்' என்ற ஆசை. டொல்கீனின் உலகத்துக்கான தொலைக்காட்சி உரிமைக்கு மட்டும் அமேசன் 250 மில்லியன் டொலர் அளவில் கொடுத்ததாக 2017 இல் செய்தி வந்தது. காலச் சக்கரமும் அதே சந்தையில் வாங்கப்பட்ட சரக்குத்தான். ஆனால் வாங்கிய சரக்கு எப்படிப்பட்டது என்று பிரித்துப் பார்த்தார்களா என்பதுதான் என்னுடைய சந்தேகம்.

முஸ்லிம் வாசகர் ஒருவர் இந்த நூலைத் திறந்தால் முதலில் கண்ணில் குத்துவது சொற்கள். இருளின் அதிபதிக்கு இங்கே உண்மைப் பெயர் ஷைத்தான். அந்தப் பெயரை வாயால் சொன்னால் கேடு வரும் என்று பயந்து எல்லோரும் 'இருண்டவன்' என்கிறார்கள். வண்டிகளில் ஊர் ஊராகத் திரியும் நாடோடிக் கூட்டத்தின் தலைவனுக்கு மஹ்தி என்று பட்டம். பொருள் 'தேடுபவன்' என்கிறது கதை. கொலைக்கென்றே உண்டாக்கிய ஒரு சீவனுக்கு 'கோலம்' என்று பெயர், நம்முடைய குலாம்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மருமகன் கேட்டான்: "மாமா, இவங்க நம்மட சொல்லையெல்லாம் களவெடுத்தா கதை கட்டியிருக்காங்க?" களவு என்று நான் சொல்லமாட்டேன். ஜோர்டன் தன் கற்பனைப் பழமொழிக்கு அரபு உட்படப் பல மொழிகளின் ஓசைகளைப் பொறுக்கிக் கோத்தவர். அதைவிட, இந்தக் கதையின் ஆதார எண்ணமே அதுதானே: காலம் வட்டமாகச் சுற்றுகிறது, நடந்தது நினைவாகி, நினைவு பழங்கதையாகி, பழங்கதையும் மறந்துபோன பிறகு சொல் மட்டும் எங்கோ மிஞ்சிக் கிடக்கிறது. நேர்வழி காட்டப்பட்டவரைக் குறிக்கும் ஒரு சொல் வழி தேடி அலைபவனின் பட்டமாகத் தேய்ந்துபோவதை அப்படி வாசிக்கலாம். மதிப்புக் குறைவாகவும் வாசிக்கலாம். அது அவரவர் மனசு.

இதிலிருந்துதான் என் வாதம் தொடங்குகிறது. காலச் சக்கரம் என்பது சண்டைகளின் கதையல்ல, அறிவு எப்படிக் கோணலாக வந்து சேர்கிறது என்பதன் கதை. முதல் நூலின் தொடக்கத்தில் ஒரு மலையடிவாரக் கிராமம். வெளியுலகச் செய்தி ஒரு சில்லறை வியாபாரியின் வண்டியில், நாட்பட்டு, பாதி உண்மையும் பாதி கைச்சரக்குமாக வந்து சேரும். எங்கோ போர் என்பான், எங்கோ ஒருவன் தன்னை மறுபிறவி எடுத்த 'டிராகன்' என்று சொல்லிக்கொள்கிறான் என்பான். ஊர் ரெண்டாகப் பிரிந்து வாக்குவாதப்படும். வதந்தி ஓர் ஊரை என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த நூலை நாம் பெரும்பாலும் ராண்ட் என்ற ஆட்டுப்பட்டிக்காரப் பையனின் கண்ணால்தான் பார்க்கிறோம். அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது.

தொலைக்காட்சி முதல் நிமிடத்திலேயே இதைத் தூக்கி எறிந்துவிட்டது. தொடர் தொடங்குவது மொய்ரெய்ன் என்ற மந்திரப் பெண்மணியின் குரலில். அந்தப் பாத்திரத்தில் ரோசமண்ட் பைக். தொடரின் ஒரே பெரிய நட்சத்திரம் அவர்தான். நட்சத்திரத்துக்குக் கொடுத்த காசுக்கு அவரை முன்னால் நிறுத்த வேண்டும்தானே. நன்றாகத்தான் நடிக்கிறார், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எல்லாம் அறிந்தவளின் வாயால் உலகம் விளக்கப்பட்ட பிறகு, கிராமத்துப் பையன்களின் அறியாமைக்கு அங்கே என்ன வேலை?

அடுத்தது பெரின் விவகாரம். நூலில் அவன் கல்யாணமாகாத கொல்லன். உடம்பில் பலம் அதிகம் என்பதால் யாருக்கும் காயம் பட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்பவன். அந்தத் தயக்கம் பாகம் பாகமாக வளர்ந்து, கோடரியா சுத்தியலா என்ற கேள்வியாகத் திரள்கிறது. தொடரின் எழுத்தாளர்கள் அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, முதல் எபிசோடிலேயே, சண்டையின் குழப்பத்தில் அவன் கையாலேயே அவளைக் கொல்ல வைத்தார்கள். என்ன அவசரம்! மனதுக்குள் நடப்பதைத் திரையில் காட்ட முடியாது, அதனால் வெளியே ஒரு காயம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு விளங்குகிறது. ஆனால் தன் பலத்துக்குப் பயப்படும் மனிதன் வேறு, தன் மனைவியைக் கொன்ற மனிதன் வேறு. இரண்டாமவனுக்குத் தயக்கம் ஒரு குணமாக இருக்க முடியாது, அது வெறும் அதிர்ச்சி. அந்தப் பெண்ணுக்கோ சாவதைத் தவிரக் கதையில் வேறு வேலையே இல்லை. இதைப் பெண்களை முன்னிறுத்தும் தொடர் என்று விளம்பரம் செய்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

'டிராகன்' யார் என்பதை ஐந்து பேருக்கு நடுவே புதிராக்கியதும் இதே வகை. நூலில் அந்த மறுபிறவி ஆணாகத்தான் இருக்க முடியும். ஆண்கள் பயன்படுத்தும் சக்தி நஞ்சேறியது, தொட்டவன் ஒருநாள் பைத்தியமாவான். காப்பாற்ற வருபவனே அழிப்பவனும் ஆவான் என்ற நடுக்கம் அங்கிருந்துதான் வருகிறது. பெண்ணாகவும் இருக்கலாம் என்று சொன்னவுடன் புதிர் கிடைத்தது, நடுக்கம் போய்விட்டது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் பருவப் படப்பிடிப்பு 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. மீண்டும் தொடங்கியபோது முக்கிய நடிகர்களில் ஒருவரான பார்னி ஹரிஸ் திரும்பி வரவில்லை. கடைசி இரண்டு எபிசோட்களை அவர் இல்லாமல் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தின் முடிவு தள்ளாடுவதற்குப் பாதிப் பழி நோய்க்குப் போகட்டும்.

இரண்டாம் பருவத்தில் கை தேறுகிறது. எக்வீன் என்ற பெண்ணைப் பிடித்துக் கழுத்தில் வளையம் மாட்டி அடிமையாக்கும் பகுதியைப் பாருங்கள். ஆயுதம் என்று அவள் மனதால் நினைக்கும் எந்தப் பொருளையும் அவளால் தொட முடியாது. பக்கத்தில் ஒரு தண்ணீர்ச் சாடி. அதனால் எசமானியின் மண்டையை உடைக்கலாம் என்று நினைத்தவளுக்குத் தண்ணீர் வார்க்கக்கூட அந்தச் சாடியைத் தூக்க முடியவில்லை. மெடலின் மெடனின் முகமும் ஒரு சாடியும், அவ்வளவுதான். பெரும் பணத்தில் எடுத்த போர்க்காட்சிகள் எல்லாம் இதற்கு முன்னால் ஒண்டுமில்லை.

மூன்றாம் பருவத்தின் நாலாவது எபிசோடுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான்.

பாலைவனத்தில் ஐயீல் என்றொரு வீரக் கூட்டம். வாளைத் தொடமாட்டார்கள், ஈட்டிதான். கொல்வதற்கு முன் முகத்தை மூடிக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது, வழக்கம் என்பார்கள். அவர்களுடைய தலைவனாகப் போகிறவன் ருயிடியன் என்ற பாழ்நகரத்துக்குள் கண்ணாடித் தூண்களின் நடுவே நடந்துபோக வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் தன் மூதாதை ஒருவனின் கண்ணால் ஒரு கணத்தை வாழ்வான், காலத்தில் பின்னோக்கி. பலர் திரும்பி வருவதில்லை. ஏனென்றால் அங்கே தெரியவருவது இது: ஐயீல்கள் ஒரு காலத்தில் யாரையும் அடிப்பதில்லை என்று சத்தியம் செய்து வாழ்ந்த சாதுக்கள். இப்போது அவர்கள் அருவருத்து ஒதுக்கும் நாடோடிக் கூட்டமும் அவர்களும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். முகமூடியின் கதையும் அங்கே இருக்கிறது. கடத்தப்பட்ட தங்கையை மீட்கப்போய் முதன்முதலாகக் கொலை செய்த ஒரு வாலிபன் தாயிடம் திரும்பி வருகிறான். கொலைகாரன் முகத்தில் தன் மகனைக் காண அவள் மறுத்துவிடுகிறாள். அந்த வெட்கத்தை மூடிய துணிதான் பிறகு வீரத்தின் அடையாளமாகிறது.

தன் பெருமையென்று ஒரு சமூகம் தூக்கிப் பிடிப்பது உண்மையில் தன் காயத்தின் தழும்பாக இருக்கலாம் என்பதை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன புனைவு எனக்குத் தெரிந்து குறைவு. ஜோர்டன் இதை 1992 இல் வந்த நாலாம் பாகத்தில் இரண்டே அத்தியாயங்களில் எழுதினார். நேராகச் சொன்னால் இது வெறும் வரலாற்றுக் குறிப்பு. தலைகீழாகச் சொல்லும்போது, விளைவை முதலில் பார்த்துக் காரணத்துக்கு நடந்து போகிறோம். ஒவ்வொரு அடியும் ஒரு குற்றப்பத்திரிகை. தொடர் இந்த வடிவத்தில் கைவைக்கவில்லை. பின்னோக்கியே நடக்கிறது. ராண்டாக வரும் ஜோஷா ஸ்ட்ரடோவ்ஸ்கியையே மூதாதைகளாகவும் நடிக்க வைத்தார்கள். அதே முகம், வேறு வேறு வயது, வேறு வேறு பயம். புத்தகத்தில் வாசகன் மனதால் செய்ய வேண்டியதை இங்கே ஒரு நடிகனின் முகம் செய்துவிடுகிறது. தழுவல் என்றால் இதுதான். அதுவரை புதுச் சம்பவங்களைச் செருகிக்கொண்டிருந்தவர்கள், மூலத்தின் வடிவத்தை நம்பிய இடத்தில் மூலத்துக்குச் சமமாக நின்றார்கள்.

அந்தப் பருவம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகுமுன்னே கதவைச் சாத்திவிட்டார்கள்.

இந்த நூலுக்கு இது முதல் அவமதிப்பல்ல. 2015 பெப்ரவரியில் அமெரிக்காவின் ஒரு அலைவரிசையில், பின்னிரவு ஒன்றரை மணிக்கு, அரை மணித்தியாலத் துண்டுப் படமொன்று முன்னறிவிப்பில்லாமல் போனது. கையிலிருந்த உரிமை காலாவதியாகாமல் இருக்க அவசரமாக எடுத்தது என்றுதான் பரவலாகக் கருதப்பட்டது. ஜோர்டனின் மனைவி ஹரியட் மெக்டூகலுக்கே அப்படியொன்று எடுக்கப்பட்டது தெரியாது.

அந்த ஹரியட்டை நினைக்கும்போதுதான் வித்தியாசம் துலங்குகிறது. கணவரின் நூல்களுக்கு அவரே பதிப்பாசிரியர். 2007 செப்டெம்பரில் ஜோர்டன் மௌத்தானபோது கதை முடியவில்லை. குறிப்புகளும் சில பகுதிகளும்தான் இருந்தன. பிரண்டன் சான்டர்சன் என்ற இளம் எழுத்தாளரை ஹரியட் தெரிவு செய்தார். அவர் மூன்று பாகங்களாக எழுதி 2013 இல் முடித்தார். அவருடைய நடையில் ஜோர்டனின் ஈரம் இல்லை என்பவர்களோடு நானும் உடன்படுவேன். ஆனாலும் முடித்தார். நமக்கு இது புதிதல்ல. உமறுப்புலவர் சீறாவை முழுமையாகப் பாடி முடிக்கவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' பாடினார். எடுத்த பேச்சை இன்னொருத்தர் வாங்கி முடித்து வைப்பது இலக்கியத்தில் ஒரு கடமை. கம்பனிக் கணக்கில் அப்படியொரு நிரல் கிடையாது.

நூலில், ருயிடியனிலிருந்து வெளியே வந்த ராண்ட், தலைவர்கள் அறிந்திருந்த அந்த இரகசியத்தைக் கூட்டத்தின் முன்னால் போட்டு உடைக்கிறான். சிலர் ஈட்டியை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். சிலர் நம்ப மறுக்கிறார்கள். உண்மையைக் கேட்ட பிறகு ஐயீல்கள் என்ன ஆனார்கள் என்பது மிச்சப் பத்துப் பாகங்களிலும் பரந்து கிடக்கு. தொடரைப் பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்கும் பிள்ளைகள் ஐந்தாம் பாகத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைப்பார்கள். வேண்டாம், நாலாம் பாகத்திலிருந்தே வாசியுங்கள்.