கேட்பவளின் கையில் கிடார்

தமிழ்நாட்டில் கிடார் பழகத் தொடங்குகிறவர்கள் சில மாதங்களில் வந்து நிற்கும் பாட்டு ஒன்று இருக்கிறது. ‘மூடுபனி’யில் யேசுதாஸ் பாடிய ‘என் இனிய பொன் நிலாவே’. 1980இல் வெளியான படம், இளையராஜாவுக்கு நூறாவது. சில கார்டுகள் பிடிபட்டால் பாட்டு ஓரளவு கைக்கு வந்துவிடும். விடுதி மொட்டைமாடியிலும் கல்லூரி விழாவிலும் இதை வாசித்துத் தீராத ஆண்கள் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் கிடார் வாங்கிய என்னிடமும் பயிற்றுநர் மூன்றாம் மாதம் இதைத்தான் நீட்டினார். காதல் பாட்டு, எல்லோருக்கும் தெரிந்தது, சுலபமாக வரும் என்றார்.

படத்தில் இதைப் பாடுகிறவன் பெண்களைக் கொல்கிறவன். பிரதாப் போத்தன் ஏற்ற அந்தப் பாத்திரம் பாலியல் தொழில் செய்யும் பெண்களைத் தேடிப்போய்க் கொல்கிறது. பிறகு, தான் விரும்பும் பெண்ணை அவள் சம்மதமில்லாமல் தூக்கிக்கொண்டுபோய் அடைத்து வைக்கிறது. கிடாரோடு அவன் பாட, அதைக் கேட்டிருப்பவள் அவள்தான். அந்த வேடத்தில் ஷோபா. படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். இயக்குநர் பாலு மகேந்திரா எதையும் மறைக்கவில்லை. பாடுகிறவன் யார் என்று படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாட்டு படத்திலிருந்து கழன்றுகொண்டது. வானொலிக்கும் கேசட்டுக்கும் மேடைக் கச்சேரிக்கும் போனது. போகிற வழியில் அடைபட்டவள் உதிர்ந்துவிட்டாள். மெட்டும் அவனுடைய ஏக்கமும் மட்டும் மிஞ்சின.

கேட்டுக்கொண்டிருக்கும்வரை இது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. சமைத்துக்கொண்டே கேட்கலாம், விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்கலாம். வாசிக்கக் கற்பது அப்படியல்ல. ஒரே அடியை நாற்பது முறை நிறுத்தி நிறுத்திப் போட வேண்டும். எந்தச் சொல்லில் கார்ட் மாறுகிறது, எங்கே அவன் மூச்சு வாங்குகிறான், எங்கே குழைகிறான் என்று கணக்கு வைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அவளைத் தன்வசப்படுத்தும் அந்தக் குழைவுக்கு என் பத்து விரல்களும் வேலை செய்துகொண்டிருந்தன. இடதுகை நுனிகள் காய்த்தே போயிருந்தன. அழகான பாட்டு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அழகு குறைந்திருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்காது.

பாட்டில் ‘நான்’ என்று சொல்லும் உரிமையைப் பற்றித் தமிழில் பேசினால் கானல்வரியைத் தாண்டிப் போக முடியாது. வருடாவருடம் நான் பாடம் நடத்தும் பகுதி. கடற்கரையில் வசந்தமாலை கையிலிருந்து மாதவி யாழை வாங்குகிறாள். தொழுகிறாள். நரம்புகளை வருடி, தெறித்து, சுருதி சேர்ந்திருக்கிறதா என்று முறைப்படி சோதிக்கிறாள். இளங்கோ அந்த விரல்களின் வேலையை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுகிறார். ஒரு வாத்தியக்காரியின் கையை இவ்வளவு நெருங்கிப் பார்த்த இன்னொரு இடம் நம் இலக்கியத்தில் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. எல்லாம் சரிபார்த்த பிறகு அவள் அதை என்ன செய்கிறாள்? கோவலனிடம் நீட்டுகிறாள். முதலில் பாடுகிறவன் அவன்.

அவன் வேறொருத்திமேல் மனம் வைத்தவனைப்போலப் பாடுகிறான். மாதவிக்கு உறுத்துகிறது. ஊடலோடு யாழை வாங்கித் தானும் வேறொருவன்மேல் குறிப்பு இருப்பவளைப்போலப் பாடுகிறாள். இரண்டுமே அகமரபில் நிற்கும் பாட்டுகள், பெயர் சுட்டாதவை, யாரும் யாருடைய குரலிலும் பாடலாம் என்ற ஒப்பந்தத்தில் பிறந்தவை. அவன் பாடியது அவனுக்குப் பாட்டு. அவள் பாடியதோ அவனுக்கு வாக்குமூலம். மாயக்காரி என்று மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டு எழுந்து போகிறான். ஊழ்வினை யாழிசையைச் சாக்காக வைத்து வந்தது என்கிறார் இளங்கோ. வகுப்பில் இந்த இடத்தில் நான் சற்று நிறுத்துவேன். ஊழின் தலையில் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: ஒரே வாத்தியம், ஒரே மாலை, ஒரே மரபு, இரண்டு விதமான கேட்பு.

கவிதை எழுதும் பெண்களுக்கு இந்தக் கேட்பு புதிதல்ல. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது தலைப்புக்காகவே அவர் வாங்கிய வசை எல்லோரும் அறிந்தது. ‘இது உங்க சொந்த அனுபவமா?’ என்ற கேள்வி என்னிடமும் ஒவ்வொரு தொகுப்புக்கும் வந்திருக்கிறது, பெரும்பாலும் பாராட்டின் வேடத்தில். துறை விழா ஒன்றில் அந்த நிலாப் பாட்டை வாசித்துப் பாடினேன். இறங்கி வந்ததும் ஒரு மாணவி சிரித்துக்கொண்டே கேட்டாள், “மேம், யார நெனச்சுப் பாடுனீங்க?” எனக்கு முன்னால் ஒரு மாணவன் ‘இளைய நிலா’ பாடியிருந்தான். அவனிடம் அந்தக் கிடார் முன்னிசையை எப்படிப் போட்டான் என்றுதான் கேட்டார்கள்.

திரையிலும் கிடார் பெரும்பாலும் ஆணின் மடியில்தான். ‘நினைத்தாலே இனிக்கும்’ கமல், ‘பயணங்கள் முடிவதில்லை’ மோகன், ரயிலில் கிடாரோடு காதல் சொல்லும் ‘வாரணம் ஆயிரம்’ சூர்யா. கடைசிப் படத்தின் தலைப்பை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். தன் திருமணத்தைத் தானே கனவு கண்டு, தோழியிடம் தன் வாயால் சொன்ன ஆண்டாளின் சொல் அது.

இனி சுருதிக்கு வருகிறேன். பாடகர்கள் கட்டைக் கணக்கில் பேசுவார்கள்: ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை; பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. புழக்கத்தில் இருக்கும் கார்ட் தாள்கள் ஒலிப்பதிவின் சுருதியிலேயே எழுதப்பட்டிருக்கும். கிடார் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆண்களே பாடியிருப்பதால் அது ஆணின் சுருதி. அவன் தாளைப் பார்த்து அப்படியே பாடிவிடுவான். (எல்லா ஆணுக்கும் யேசுதாஸின் தொண்டை வாய்ப்பதில்லை, அது வேறு கதை.) பெண் அதே சுருதியில் பாடினால், கீழே போனால் குரல் தரையில் தேயும், ஒரு ஸ்தாயி மேலே போனால் கீச்சிடும். டூயட்டுகளில் பெரும்பாலும் நடந்தது இந்த இரண்டாவதுதான். இருவருக்கும் ஒரே சுருதி. அவன் தன் வசதியில் நிற்க, அவள் ஏணி வைத்து ஏறிப் பாடுவாள். சுசீலாவும் ஜானகியும் அந்த உயரத்தில் செய்த அற்புதங்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உயரமே பெண்மையின் குரல் என்று நம் காது பழகிப்போனது. எல்.ஆர்.ஈஸ்வரியின் கனத்த, அடிவயிற்றுக் குரல் கிளப் நடனத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் போனது. நடுவில் இருந்த குடும்பக் கதாநாயகியின் காதலுக்கு அது அதிகம் அழைக்கப்படவில்லை.

எனக்கு அதே மெட்டு ஐந்து அரைச்சுரம் மேலே சரியாக உட்காருகிறது. அதாவது ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்ட வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. கிடார் வாங்கப் போன அன்று கடைக்காரர், “லேடீஸுக்கு உகுலேலே போதும் மேடம், சின்னது, நைலான் கம்பி, கை வலிக்காது” என்று அதையே முதலில் எடுத்து வைத்தார். அதையும் சேர்த்துத்தான் வாங்கினேன். ஒரு விரலில் சி கார்ட் வரும் வாத்தியத்தை யார் வேண்டாம் என்பார்கள். பிறகு கைப்பழக்கத்தில் ஒன்று புரிந்தது. கிடாரில் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டினால் கீழிருக்கும் நான்கு மெல்லிய கம்பிகளும் ஜி, சி, ஈ, ஏ என்றாகிவிடும். உகுலேலேயின் நான்கு கம்பிகளுக்கும் அதே பெயர்கள்தான். அதில் ஜி ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிக் கட்டப்பட்டிருக்கும், அவ்வளவே. விரல் வடிவங்களும் அப்படியே பொருந்தும். ஆக, என் குரலுக்கு ஏற்றபடி கிடாரை மாற்றும்போது எனக்குக் கிடைப்பது ஓர் உகுலேலே, கூடவே இரண்டு கனத்த கம்பிகள். பெண்களுக்குப் போதும் என்று நீட்டப்பட்டதில் இல்லாதவை அந்த இரண்டும்தான். போர்ச்சுகீசியத் தீவான மதெய்ராவிலிருந்து 1879இல் ஹவாய்க்குக் கூலி வேலைக்குப் போனவர்களின் சிறு வாத்தியத்திலிருந்து பிறந்தது உகுலேலே. அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அடித்தளச் சுரம் இல்லாத குரலையும் அடித்தளச் சுரம் இல்லாத வாத்தியத்தையும் ஒரே பாலுக்கு ஒதுக்கும் பழக்கத்தின்மேல்தான்.

சொல்லை மாற்றிப் பாடலாமே என்றார் ஒரு தோழி. நிலாவை ஆணாக்கி, விளிப்பை மாற்றி. மேடையில் சிலர் அப்படிச் செய்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாற்றினால் அடைபட்டவள் இரண்டாம் முறையும் காணாமல்போவாள். இப்போது சொற்களை அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ. சரணத்துக்கு முன்னால் வரும் இசைப்பகுதியில் மெட்டை விட்டுவிட்டு, மேலிருக்கும் அந்த இரண்டு கனத்த கம்பிகளை மட்டும் மெதுவாகத் தெறிக்கிறேன். கேட்டிருப்பவளின் நேரம் அது. பயிற்றுநருக்கு அது பிடிக்கவில்லை. பாட்டு அங்கே நின்றுவிடுகிறது என்கிறார். வரும் பருவத்தில் கானல்வரி நடத்தும் வாரம் அதைத்தான் வகுப்புக்கு எடுத்துப்போகிறேன். கிடார் முதலில் மாணவிகளிடம் போகும். சுருதி சேர்த்த பிறகு யாரிடம் நீட்டுவது என்பதை அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.